சுவரைத் தின்றவர்

முதலில் சுவர்தான் குறைந்தது. தங்கச் சுரங்கக் கம்பெனி கூலிகளுக்குக் கொடுத்த எங்கள் லைன் வீட்டுச் சுவர் மூங்கில் தட்டியின்மேல் செம்மண் பூசியது. என் வீட்டுக்காரர் பாய் விரிக்கும் பக்கம், தலைமாட்டுக்கு நேராக, ஒரு கைப்பிடி அளவுக்குக் குழி விழுந்திருந்தது. எலி என்று நினைத்து மண் குழைத்து அடைத்தேன். மறுபடி குழி விழுந்தது. இந்த முறை மூங்கில் வெளியே தெரிந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், நனைந்த மண்ணின் வாசனை வீட்டை நிறைத்திருந்த நேரத்தில், எலியைப் பிடித்தேன். சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கிப் பாறையில் துளை போடுகிற மாசிலாமணி, என்னைக் கட்டிக்கொண்டவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்.

"இன்னா துன்றீங்க?"

"ஒண்ணுமில்லமே. வாய் நமநமன்னுது."

காய்ச்சலாக வரும் நோயை ஊர் மதிக்கும். இது வெட்கமாக வந்தது. சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏறக் காத்து நிற்கும் இடத்தில் கூட்டாளிகள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். "இன்னா மாசிலாமணி, எத்தினி மாசம்? வளையல் அடுக்கும்போது எங்களையும் கூப்புடு." அவரும் விடவில்லையாம். "பொண்ணு பொறந்தா உன் பையனுக்குத்தான்டா. இப்பவே பரிசப் பணம் சேத்து வை."

என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

கேஜ் இறக்கிவிடும் லெவல் என்ற தளத்திலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு ஏணியில் போகவேண்டும். நடு ஏணியில் கண் இருண்டு, படியைக் கட்டிக்கொண்டு தொங்கியதாக இன்னொரு நாள் சொன்னார். பின்னால் ஏறியவன் திட்டினானாம். கை விட்டிருந்தால் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். அன்றிலிருந்து ஷிஃப்டு முடிந்து அவர் திரும்பும் வரைக்கும் என் கையும் எதையோ பிடித்துக்கொண்டே இருந்தது.

கம்பெனியின் வெள்ளைக்கார டாக்டரிடம் போனார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். காய்ச்சல் இல்லை, எலும்பு முறியவில்லை, இருதயம் ஓடுகிறது. "சோம்பேறி" என்றார் டாக்டர். இந்த நாட்டுக்கு வந்து அவர் கற்றுக்கொண்ட தமிழ் அந்த ஒரு வார்த்தை. இறங்கினால் வீடு, இறங்காவிட்டால் லைனைக் காலி செய் என்று மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருஷம் நான் மருத்துவச்சிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தொடும் வயதில், பாதி வயதுப் பெண்களோடு, மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரியில். தமிழில் அச்சிட்ட தடிப்புத்தகம் ஒன்று தந்திருந்தார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது எப்படி ஓடுகிறது, கெட்டால் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று அதில் இருக்கும். ராத்திரிச் சோற்றுக்கு முன் உரக்கப் படிப்பேன். இரத்தத்தில் சிவப்பு குறைந்தால் உடம்புக்கு உயிர்க்காற்று போதாது. அதை ஈடுகட்ட இருதயம் இரட்டிப்பாக அடித்துக்கொள்ளும். ஓய்ந்து படுத்திருக்கிறவனின் நெஞ்சுதான் எல்லாரையும்விட அதிகம் உழைக்கிறது. இதை எத்தனை தடவை மனப்பாடம் செய்தேனோ, அத்தனை தடவையும் பக்கத்தில் படுத்திருந்தவரின் நெஞ்சு பாயையே அதிர வைத்துக்கொண்டிருந்தது.

பரீட்சையில் கர்ப்பிணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து நிறம் சொல்லவேண்டும். பழகிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

"இங்க குந்துங்க. வெளிச்சத்துல கண்ணைக் காட்டுங்க."

"நானு இன்னா புள்ளத்தாச்சியா?"

"ஊரே அப்படித்தானே சொல்லுது. காட்டுங்க."

இமையின் உட்புறம் உரித்த முட்டையைப்போல் இருந்தது. மறு கண்ணும் அப்படியே.

"வெள்ளையாவா கீது?"

"சுத்தமா வெள்ளை."

"அப்போ தொரை ஆயிட்டேன்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். இரத்தச் சோகை (இரத்தம் நிறமிழந்து உடம்பு வெளுப்பது): வெளுத்த நாக்கு, குழிந்த நகம், படபடப்பு, சாயங்காலத்தில் கால் வீக்கம், மண் தின்னும் ஆசை. அவரை உட்காரவைத்து எழுதியதுபோல் இருந்தது. அத்தியாயத்தின் தலைப்போ 'கர்ப்பிணிகளுக்கு உண்டாகும் உபாதைகள்'. பெண்ணுக்கு வந்தால் உபாதை. கூலிக்காரனுக்கு வந்தால் சோம்பல். அந்தப் பக்கத்தைக் கிழித்து மேஸ்திரியின் வாயில் திணிக்கவேண்டும்போல் இருந்தது. பரீட்சை இருந்ததால் கிழிக்கவில்லை.

எங்களுக்குப் பாடம் சொல்லும் டாக்டரம்மாவிடம் அவரை அழைத்துப் போனேன். அங்கே ஆண்களைப் பார்ப்பதில்லை. வராந்தா பெஞ்சில் வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள். நடுவில் இவர், துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு. ஒரு கர்ப்பிணி பாவம் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள்.

டாக்டரம்மா மலத்தை எடுத்துவரச் சொல்லிப் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மெல்லிய ஓட்டுக்குள் நாலு மணிகள் சேர்ந்ததுபோல் முட்டைகள். அவை அழகாக இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"கொக்கிப்புழு" என்றார். "நூல் துண்டு அளவுதான். குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கலாம்." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஷிஃப்டில் வெளிக்கு எங்கே போவீர்கள்?"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "வேலை முடிஞ்சி சும்மா கெடக்கிற சந்துலதாம்மா. வேற எங்க போறது?"

"காலில் செருப்பு?"

"ஏணியில வழுக்கும்மா."

"விரல் இடுக்கில் அரிப்பு உண்டா?"

"சேத்துப்புண்ணு. எல்லாருக்குந்தான் கீது."

மலத்தில் இறங்கும் முட்டை, கீழே இருக்கும் ஈரத்திலும் சூட்டிலும் பொரிகிறது. குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடம்பில் ஏறுகிறது என்று இப்போது கண்டிருக்கிறார்களாம். நாங்கள் விளக்கெண்ணெய் தடவிய சேற்றுப்புண் அதன் வாசற்படி.

மருந்து, ஓமத்திலிருந்து எடுக்கும் உப்பு. முதல் நாள் பட்டினி, பேதி உப்பு; மறுநாள் காலையில் ஓம உப்பு; பிறகு மறுபடி பேதி. அன்றைக்குச் சாராயமும் எண்ணெயும் தொடக்கூடாது, தொட்டால் மருந்தே விஷமாகும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைச் சுரண்டினால், ஓமத்தை நீங்களே இடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவு தெரிந்தவர் கையால் கொடுக்கவேண்டும். என் வீட்டுக்காரர் அன்று பட்ட எரிச்சலையும் மயக்கத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

விழுந்த புழுக்களைச் சல்லடையில் கழுவிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுங்க குந்திகினு துன்னுச்சு. நானு சோம்பேறியா?"

அதற்கு மேல் அவர் கோபப்படவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேன், இன்றுவரைக்கும்.

இரும்புச் சத்து மருந்தும் ஈரலும் கொடுக்கக் கொடுக்க நாக்கில் நிறம் ஏறியது. சுவரில் புதுமண் பூசினேன். அது காய்ந்தது, அப்படியே நின்றது. ஒரு நாள் ஏணியை நிற்காமல் ஏறி முடித்துவிட்டு, மேலே போய் யாரையோ கேலி செய்தாராம். அந்தக் கேலியைக் கேட்டபிறகுதான் என் கை பிடியை விட்டது.

டாக்டரம்மா சுரங்கத்து மேலதிகாரியைப் பார்த்து, கீழே லெவலுக்கு லெவல் மலத்தொட்டி வைத்து மேலே ஏற்றுங்கள் என்று கேட்டார். வைத்தாலும் இவர்கள் உட்காரமாட்டார்கள் என்று பதில் வந்தது. வைத்துப் பார்த்தார்களா? பாறையைத் தூளாக்கித் தங்கத்தை மேலே ஏற்ற வழி கண்டவர்களுக்கு ஒரு தொட்டியை ஏற்ற வழி தெரியவில்லை.

பரீட்சை கோலாரில் நடந்தது. கேள்வி கேட்டவர் வெளியூர் டாக்டர், நம்மவர்தான்.

"இரத்தச் சோகைக்குக் காரணங்கள்?"

"பிரசவத்தில் இரத்தம் போறது. போதாத ஆகாரம். மலேரியா முறைக்காய்ச்சல். கொக்கிப்புழு."

"இன்னும்?"

"ஷாஃப்டுக்குள்ள கக்கூஸ் இல்லாததுங்க."

அவர் நிமிர்ந்தார். "அது புகார். நான் காரணம் கேட்டேன்."

"காரணந்தாங்க சொன்னேன்."

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் தேறினேன், கடைசி வரிசையில். மைன்ஸில் ஒன்றும் மாறவில்லை. என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்த பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார். "வழி விடுங்கடா, தொரை வராரு" என்கிறார்கள். பூட்ஸ் இல்லாதவர்கள் அதே ஈரத்தில் நிற்கிறார்கள். அவர்களும் வெளுக்கிறார்கள், அவர்களுக்கும் அதே சோம்பேறிப் பட்டம்.

குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? உடம்பு ஒரு முறை திருத்தி வைத்துவிடுகிற சாமான் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அது எனக்கு ஏணிமாதிரி தெரிகிறது: ஏறிய அளவு கீழேயும் இருக்கிறது. மாதம் பிறப்பதை நான் காலண்டரில் பார்ப்பதில்லை, அவர் இமைக்குள் பார்க்கிறேன். முதல் தேதி, ஷிஃப்டுச் சங்கு ஊதுவதற்கு முன், வாசலில் பூட்ஸுக்குள் ஒரு காலை நுழைத்தபடி தானாகவே முகத்தைத் தூக்கிக் காட்டுவார்.

"பாருமே. தொரையா, கூலியா?"

இமையை இழுத்துப் பார்ப்பேன். சிவப்பு.

"கூலிதாங்க."

"அப்போ சரி" என்று மறு காலையும் நுழைப்பார்.