சிவப்பு வண்டிக்கு டயர் தேடிய நாட்கள்

டயர்க்கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் குடும்பத்தோடு போகிறவர், டயர்க்கடைக்கு மட்டும் தனியாகத் தலைவலியோடு வருவார். வாங்கிப் போட்ட பிறகாவது யாராவது “அட, புது டயரா? எங்கே வாங்கினீங்க?” என்று கேட்பார்களா? கேட்கமாட்டார்கள்.

அறுபதுகளின் முதல் பாதியில், தாராவியில் குடியிருந்துகொண்டு மாட்டுங்காவில் ஒரு டயர்க்கடையில் வேலை பார்த்தேன். முதலாளி அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், நானும் அந்தப் பக்கம்தான். நாள் முழுக்கப் பட்டுப்புடவையை விரித்துக் காட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற ஜவுளிக்கடை அண்ணன்மாரே, நெய் ரோஸ்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்து பழையதைச் சாப்பிடுகிற ஓட்டல் தம்பிமாரே, இது உங்களுக்குத்தான் சொல்கிறேன். அடுத்தவர் பொருளைத் தொட்டுத் துடைத்து அனுப்புகிற பிழைப்பில் ஆசை வந்துவிட்டால் என்ன பாடு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வழுக்கை

எங்கள் கடைக்கு வருவது முக்கால்வாசி டாக்ஸியும் லாரியும்தான். மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் அந்தச் சிவப்பு வண்டி வந்து நின்றது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே மூடி கிடையாது, வேண்டுமானால் துணியை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிச் சக்கரம். தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. டாக்ஸி டயரைக் கழற்றிக்கொண்டிருந்த நான் லீவரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அப்படி ஒரு வண்டியை அதுவரை நான் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்ததில்லை.

இறங்கியவர் சீனிவாசன் சார். மாட்டுங்காவாசி, கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபீசர். அவருடைய வெள்ளைக்கார துரை சீமைக்குத் திரும்பும்போது, வாங்க ஆளில்லாமல் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி அது. புதுக் காருக்குப் பேர் எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற காலம். அது வரும்வரை இதுதான் அவருக்கு ஆபீஸ் வண்டி, காய்கறி வண்டி, வீட்டு மாமியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற வண்டி எல்லாம். குனிந்து பார்த்தேன். நாலு டயரும் சுத்த வழுக்கை. ஒன்றில் உள்நூலே தெரிந்தது. “சார், இதுல டயரே இல்ல சார், டியூப்புக்கு மேல ஒரு தைரியந்தான் இருக்கு” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தெரியும்பா. மழைக்குள்ள ஏதாவது வழி பண்ணு. நான் இதுல தினம் ஆபீஸ் போயிண்டு வரணும், பந்தயத்துக்கு ஒண்ணும் போகலை.”

வாக்கு

அந்த அளவு டயர் சீமைச் சரக்கு. இறக்குமதி அடைத்துப்போயிருந்தது. பழைய ஸ்டாக் வைத்திருந்த ஒரே ஒரு வியாபாரி சொன்ன விலைக்கு, டயரோடு ஒரு வண்டியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நியாயம். சார் அந்த விலையைக் கேட்டுச் சிரித்தார்.

அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்த நேரம். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன், ஒரு தடவை என்னை அந்த இடப்பக்க சீட்டில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று. கடலோர ரோட்டில், காற்றில், மேலே ஒன்றும் இல்லாமல் போகவேண்டும். பம்பாய்க்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் கடலைப் பார்த்ததெல்லாம் பிள்ளையார் விசர்ஜனக் கூட்டத்துக்குள் எட்டி எட்டித்தான். சார் கோபித்துக்கொள்ளவில்லை. “நல்ல டயர் போடு. ஒர்லி வழியா மெரின் டிரைவ் வரைக்கும் நானே கூட்டிண்டு போறேன். இந்த டயரை நம்பி உன்னை ஏத்திண்டு போனா, உங்க மனுஷாளுக்கு யார் பதில் சொல்றது?”

செங்கல் மேல் சவாரி

அன்றிலிருந்து அந்த வண்டிக்கு டயர் தேடுவது என் சொந்த வேலையாகிவிட்டது. புது டயருக்கு வழியில்லை என்றால் ரீட்ரெட்தான் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். தேய்ந்த டயரின் மேல்தோலை ராவி எடுத்துவிட்டு, புது ரப்பர் வைத்து, அச்சில் போட்டு வேகவைத்து எடுப்பார்கள். நூல் தெரிந்த டயரை விக்ரோலிப் பட்டறைக்காரன் தொடவே மாட்டேன் என்று திருப்பிவிட்டான். அதற்குப் பதில் பின்னால் உபரியாகக் கிடந்த ஸ்டெப்னியை அனுப்பினோம். டயர்கள் வெந்து வரும்வரை வண்டி எங்கள் கடைக்குள் செங்கல் அடுக்கின் மேல் சக்கரம் இல்லாமல் நின்றது. சார் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனார்.

மத்தியானம் அண்ணாச்சி கண்ணயர்ந்த சமயம் பார்த்து, கையைக் கழுவி, வேட்டித் துணியால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்த இடப்பக்க சீட்டில் போய் உட்கார்ந்தேன். தோல் சீட் சூடாக இருந்தது. கதவு மேல் முழங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். சிரிக்காதீர்கள் ஜவுளிக்கடை அண்ணன்மாரே, நீங்களும் ஒருநாள் கடை அடைத்த பிறகு அந்தப் பட்டுப்புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தவர்கள்தானே? ஒர்லி போய்ச் சேர்வதற்குள் அண்ணாச்சி குரல் கேட்டது. திட்டப்போகிறார் என்று பதறி எழுந்தேன். அவர் திட்டவில்லை. “ஏல செல்லையா, எந்த ஊருக்குலே போற? நம்ம ஊருப் பக்கம்னா எனக்கும் ஒரு எடம் போட்டுவைலே.”

அரைப் பழம்

ரீட்ரெட் டயர்கள் வந்து மாட்டினோம். புது வண்டி, புது டயர் என்றால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது எங்கள் கடை வழக்கம். டாக்ஸி ஓட்டுகிற சர்தார்ஜிகள்கூட எங்கள் கடைக்கு வந்தால் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். நான் நாலு பழத்தோடு வந்தேன். அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். ரீட்ரெட்டுக்கு ஏதுலே பழம், இது புது டயர் இல்லையே என்றார். பழைய டயரும் இல்லையே என்றேன் நான். இரண்டு பேரும் ரோட்டில் நின்று வாதாடினோம். சாமி காரியத்தில் குறைவைத்தால் என் கடலோர சவாரிக்குத்தான் ஆபத்து என்று எனக்குள் பயம்.

சார் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே பேனாக்கத்தியை எடுத்து இரண்டு பழத்தை நறுக்கி, சக்கரத்துக்குப் பாதியாக வைத்தார். “உடம்பு பழசு, தோல் புதுசு. பிள்ளையாருக்குக் கணக்குப் புரியும், ஆளுக்குப் பாதி போதும்.”

டிராம் தண்டவாளம்

பிள்ளையாருக்குப் புரிந்தது, மழைக்குப் புரியவில்லை. முதல் நல்ல மழையன்று கிங்ஸ் சர்க்கிளில் டிராம் தண்டவாளத்தின் மேல் சார் பிரேக்கை மிதித்திருக்கிறார். அந்த ரீட்ரெட் ரப்பர் கல் மாதிரி இறுகியது, நனைந்த இரும்பில் ஏறினால் பிடிமானமே கிடையாது. வண்டி பம்பரம்போல ஒரு சுற்றுச் சுற்றி வந்த பக்கம் பார்த்து நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. மாமி மடியில் இருந்த கத்தரிக்காய்தான் ரோடெல்லாம் உருண்டது.

மறுநாள் மாமியே கடைக்கு வந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வண்டியை விற்றுவிடச் சொல்லி வீட்டில் பேச்சு நடக்கிறதாம். புனாவில் ஒருவர் கேட்டிருக்கிறாராம். நல்ல டயர் கிடைத்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் மாமி என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: “கறிகாய் வாங்கிண்டு கோயிலுக்குக் கிளம்பின வண்டி எங்காத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுடுத்து தம்பி. அதுக்கே போறும்னு ஆயிடுத்து, இவருக்குத்தான் ஆகலை.”

செம்பூர்

செம்பூரில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கான் பாயிடம் அதே அளவில் இரண்டு சீமை டயர் இருக்கிறது என்று ஒரு டாக்ஸிக்காரர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் பார்க்கப் போனோம். போனோம் என்றால், அவர் காரில், நான் பஸ்ஸில். நல்ல டயர் போடும்வரை ஊரார் வீட்டுப் பிள்ளையை ஏற்றமாட்டேன் என்பதில் மனுஷர் கண்டிப்பாக இருந்தார். சயன் தாண்டும்போது சிவப்பு வண்டி என் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. சார் கையைக் காட்டினார். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து நானும் காட்டினேன். பக்கத்து சீட் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், வண்டி கண்ணுக்கு மறையும்வரை அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டயரில் தரையைக் கடிக்கிற பட்டன் எல்லாம் தேயாமல் புத்தம் புதுசாக நின்றது. சார் முகம் மலர்ந்துவிட்டது. நான் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அப்பளம்போல நொறுநொறுவென்று வெடிப்பு விட்டது. பல வருஷம் வெயிலில் கிடந்து காய்ந்த சரக்கு. சரக்கெல்லாம் முதல் தரம்தான், ஓட்டத்தான் கூடாது என்பதைக் கான் பாய் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தம் பாஷையில் சொன்னார்: “மால் ஏக்தம் பஸ்ட் கிளாஸ் ஹை சேட், பஸ் சலானா நஹீ!”

அப்பன் செருப்பு

கடைசியில் வழி கண்ணெதிரே எங்கள் கடை அலமாரியிலேயே இருந்தது. அம்பாசிடர் டயர். உள்வட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அது பெரிய வண்டிக்கான டயர், ஒரு சுற்று பருமன். கட்டுப்படியான விலை, உள்ளூர்ச் சரக்கு, மழையிலும் பிடிக்கும். சின்னப் பிள்ளை அப்பன் செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்குமே என்று அண்ணாச்சி தயங்கினார். சார் தயங்கவில்லை. கம்பிகளின் முனை டியூப்பைக் குத்தாமலிருக்க ரப்பர் பட்டையை இரண்டு சுற்றாக வைத்து, நாலையும் நானே மாட்டினேன். இந்தத் தடவை முழுப் பழமாகவே நாலு வைத்தேன். சார் தனியாகச் சர்க்கிளை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். வண்டி பூனை மாதிரி வந்தது.

அவர் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புதுக் காருக்கான கடிதம் வந்துவிட்டதாம். நாலு கதவு, எல்லாரும் உட்காரலாம், மாமிக்குச் சந்தோஷம். அவருக்கும் சந்தோஷம்தான் என்று சொன்னார், முகத்தில் தெரியவில்லை. புனாக்காரரிடம் பேசி முடித்துவிட்டார்களாம். என் முகத்தையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “வாக்குக் கொடுத்திருக்கேன் செல்லையா. நாளைக்குக் கார்த்தால ஆபீஸ் போறச்சே வந்து ஏறிக்கோ, சாயந்தரம் அவன் வந்து ஓட்டிண்டு போயிடுவான்.”

சவாரி

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அண்ணாச்சி அரை நாள் லீவு கொடுத்து, கடலைக் கண்ணாரப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுலே என்று அனுப்பினார். மழை விட்டு வெயில் அடித்தது. ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பி முதல் திருப்பத்தில் திரும்பியது. எங்கோ ‘சர்க்’ என்று ஒரு சத்தம்.

டயர்க்காரன் காதுக்கு அது போதாதா? இடப்பக்கம் முன் சக்கரம். இரண்டு ஆள் கனத்தில் வண்டி தாழ்ந்ததும், பருமனான டயர் திரும்பும்போது மட்கார்டில் உரசுகிறது. கதவுக்கு மேலாகத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நேராகப் போகும்போது சத்தமில்லை, வளைவில் மட்டும் வருகிறது. பள்ளத்தில் இறங்கினால் வருகிறதா என்று தெரியவேண்டுமே. தாதர் போயிற்று. ஒர்லி போயிற்று. சார் என்னென்னவோ உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார், காற்று அள்ளிக்கொண்டு போனது, நான் தலையை ஆட்டினேன். மட்கார்டை இத்தனூண்டு தட்டி நிமிர்த்தினால் சரியாகிவிடும் என்று முடிவுக்கு வந்தபோது வண்டி நின்றது. சர்ச்கேட் வந்திருந்தது. “எப்படி இருந்தது சமுத்திரம்?” என்று கேட்டார் சார். வழி முழுக்கக் கடல் அவருடைய பக்கம், வலது பக்கம். நான் தொங்கிக்கொண்டு வந்தது இடது பக்கம்.

என் வாயில் வந்தது ஒன்றுதான். “சார், முன் டயர் திரும்புறப்போ லேசா ஒரசுது. புனாக்காரர்ட்ட சொல்லிருங்க.” ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதால் இன்னொரு சுற்றுக்கு வழியில்லை. ரயிலில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதேன். அண்ணாச்சி கேட்டால் என்ன சொல்வேன் என்பதைவிட, இனி அந்த சீட் இல்லையே என்பதுதான் தாங்கவில்லை. ஆனால் இறங்கும்போது சார் என் தோளில் கைவைத்துச் சொன்னது நினைவுக்கு வந்து, அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது: “அடப் பாவி! நீ வண்டியில வரலைடா, வண்டிக்கு அடியில வந்திருக்கே.”

கேட்டதைச் சாமி கொடுக்காமல் இல்லை ஐயா, கொடுக்கிற நேரம் பார்த்து நாம்தான் கடையில் இருந்துவிடுகிறோம்.