கடையில் தீர்ந்த பேச்சு

புதுத்துணிக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. கஞ்சியும் சாயமும் அட்டைப்பெட்டியும் ஒன்றாகக் கலந்து மூக்கின் உள்ளே லேசாக அரிக்கிற அந்த வாசனை மற்ற பிள்ளைகளுக்குத் தீபாவளியையும் பொங்கலையும் நினைவூட்டும். எனக்கோ அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சொல்லும். தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில், பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில், பட்டுப்புடவை 'செக்ஷனில்' அப்பா விற்பனையாளராக இருந்தார். அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சட்டையிலிருந்து அந்த வாசனை உள்ளே வந்துவிடும். பேச்சு மட்டும் வராது. "ம்", "வை", "போதும்" என்பவற்றைத் தாண்டி அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் ஏதோ விசேஷம் என்று பொருள்.

"அங்கயே எல்லாத்தையும் பேசித் தீத்துட்டு வந்துடறாரு. நமக்கு வெறும் ஆளுதான் வருது" என்று அம்மா சொல்லுவாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிலருக்குக் கால் நீளம், சிலருக்கு மூக்கு நீளம், என் அப்பாவுக்குப் பேச்சு குட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, தீபாவளிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாப்பாட்டுத் தூக்கை மறந்து போய்விட்டார். அம்மா அதை என்னிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பினாள். கீழே இருந்தவர்கள் வழிகாட்ட, மாடிப்படியில் ஏறிப்போய் ஒரு தூணை ஒட்டி நின்றேன். தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். அதன் மேல் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உட்கார்ந்திருக்க, எதிரே மண்டியிட்டபடி என் அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. ஏங்க அய்யா, அந்தப் பக்கம் காத்து வராதுங்க, இப்பிடி ஃபேனுக்கு நேரா வந்துடுங்க. பாப்பா, தண்ணி குடிக்கிறியா கண்ணு?"

அந்தப் பாப்பாவுக்கு என் வயதுதான் இருக்கும். ரெட்டைச் சடையில் கனகாம்பரம் வைத்து, அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒரு புடவையை உதறி விரித்து, முந்தியைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டினார். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூடத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோகிற மனிதர், முகம் கொஞ்சமும் கோணாமல், "எத்தனை வேணும்னாலும் பாருங்கம்மா. புடிக்கலன்னா மடிச்சு வெக்கத்தான நாங்க இருக்கோம்" என்றார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து, "நீ சொல்லு கண்ணு, அம்மாவுக்கு எது நல்லா இருக்குது?" என்று கேட்டார். அவள் ஒரு விரலை நீட்டிக் கிளிப்பச்சை ஒன்றைக் காட்டினாள். "அட, பாப்பா கண்ணுக்குத்தாங்க தெரியுது" என்று அப்பா சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் தெத்தி இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்க வெச்சுட்டுப் போ" என்றார்.

வயிற்றில் தீ என்று சும்மா சொல்வதில்லை. படியிறங்கி வீட்டுக்கு நடந்த தூரம் முழுக்க எனக்கு நெஞ்சுக்குக் கீழே ஏதோ எரிந்துகொண்டே வந்தது. என் அப்பாவிடம் இவ்வளவு பேச்சு இருக்கிறது, இவ்வளவு சிரிப்பு இருக்கிறது, 'கண்ணு' என்றொரு சொல்கூட இருக்கிறது. அத்தனையையும் யாரோ ஒருத்தி கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து வாங்கிப் போகிறாள். அவள் போட்டிருந்த பட்டுப்பாவாடை மீதோ சங்கிலி மீதோ எனக்கு ஆசை வரவில்லை. அந்த ஒரு 'கண்ணு'வைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

துணி எடுக்க வரும் கூட்டத்தைக் கடையில் 'பார்ட்டி' என்பார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சொல்லே ஆகாமல் போனது. ஒருநாள் அப்பா சாப்பிட்டு முடித்ததும், பாயை விரித்து அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நான் பார்ட்டி வந்திருக்கறன்" என்றேன். அவர் எழுந்து விளக்கை அணைத்தார். "நேரமாச்சு, தூங்கு" என்றார்.

அம்மாவுக்கும் அதே காய்ச்சல்தான் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று எங்கெங்கிருந்தோ வருகிற பெண்கள் படியேறியதும் அப்பாவைத்தான் பெயர் சொல்லிக் கேட்பார்கள். அவர்களில் ஏரியூர் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். அப்பா வீட்டில் தானாக வாய் திறந்து சொல்லுகிற ஒரே சேதி, "இன்னிக்கு டீச்சரு வந்தாங்க" என்பதுதான். உடனே அம்மா அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். "ஒரு மனுசி எத்தனை பொடவதான் கட்டுவாங்களாம்" என்று சுவரிடம் கேட்பாள். அம்மாவுக்கு வேண்டிய புடவையை அப்பாவே எடுத்துவந்து, "இந்தா" என்று அலமாரியில் வைத்துவிடுவார். நல்ல புடவையாகத்தான் இருக்கும். ஆனால் விரித்துக் காட்டி, இது பிடிக்கிறதா அது பிடிக்கிறதா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அந்தத் தை மாதம் கௌரி சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தப் புடவை எடுக்க மொரப்பூரிலிருந்து தாத்தாவும் சித்தியும் பஸ் ஏறி வந்தார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அப்பாவின் கடைக்கே போனோம். அங்கே ஒரு சட்டம் இருந்தது. வேலை செய்கிறவரின் சொந்தக்காரர்கள் வந்தால் வேறு ஆள்தான் காட்ட வேண்டும். அதனால் அப்பாவுக்குப் பக்கத்து மெத்தையில் இருந்த முருகேசன் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

சித்தி ஒரு அரக்குப் புடவையை ஆசையாகத் தொட்டாள். "அதெல்லாம் ரேட்டு ஜாஸ்திங்க. நம்ம ஆளுங்களுக்கு அது எதுக்கு? இதுல ஒண்ணு எடுத்துக்கங்க, அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று முருகேசன் மலிவான புடவைக் கட்டு ஒன்றை எங்கள் முன்னால் போட்டுவிட்டு வேறு பார்ட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சித்தி கையை இழுத்துக்கொண்டாள். கல்யாணப் பெண்ணின் முகம் சுருங்கியதைக் கண்டும் காணாததுபோலத் தாத்தா கூரையைப் பார்த்தார்.

அம்மா எழுந்தாள். "வுடும்மா, உக்காரு" என்று தாத்தா முணுமுணுத்ததைக் காதில் வாங்கவில்லை. நேராகப் போய், அப்போதுதான் ஒரு பார்ட்டி எழுந்துபோன இடத்தில், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்களுக்கு நீங்களே காட்டுங்க" என்றாள்.

அப்பா கோடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவர் அன்றைக்கு என்ன நினைத்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. விரிப்பின் சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டு, "வாங்கம்மா. எல்லாரும் இப்பிடி வந்துடுங்க. காபி சொல்லட்டுங்களா?" என்றார்.

"காபி வேணாங்க. பொடவைய எடுங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கவே முடியாது. அப்பா ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "இது வேணாங்க." "கரை சின்னதா இருக்குதுங்க." "இன்னும் கொஞ்சம் நல்லதா காட்டுங்க." அப்பாவும், "காட்டறேங்கம்மா, அதுக்கென்ன" என்று சலிக்காமல் எழுந்துபோய் எடுத்துவந்தார். "மேல போட்டுக் காட்டுங்க" என்றாள். அவர் அரக்குப் புடவையின் முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் எதிரில் நின்றார். அம்மா அந்தப் புடவையைப் பார்த்ததைவிட அதைப் போட்டிருந்தவரைத்தான் அதிக நேரம் பார்த்தாள். முதுகை நிமிர்த்தி அவள் உட்கார்ந்திருந்த விதத்தில், ஊரில் பாதி அவளுக்குச் சொந்தம் என்று யாரும் நினைத்திருப்பார்கள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்து என் முறை வரட்டும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. அப்பா சித்தியைக் கேட்டார், தாத்தாவைக் கேட்டார், அம்மாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று என் பொறாமை ஊர்ப் பெண்களை எல்லாம் விட்டுவிட்டு என் அம்மா மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

சித்தி அரக்கையே எடுத்தாள். முதலாளி எழுந்து வந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தணிந்த குரலில் அப்பாவிடம், "சொந்தக்காரங்களுக்கு நீ காட்டக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார்.

அப்பா புடவையை மடித்தபடியே, "வந்து உக்காந்துட்டாங்க மொதலாளி. உக்காந்தவங்கள எழுந்திருங்கன்னு நான் எப்பிடிங்க சொல்லறது?" என்றார்.

அடுத்த வாரமே அவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேட்டி, துண்டு, லுங்கி விற்கிற இடம். அங்கே ஆண்கள் வந்து, நின்றபடியே "நாலு முழம் குடு" என்பார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உட்காரச் சொல்ல மெத்தை கிடையாது. விரித்துக் காட்ட எதுவும் கிடையாது.

அங்கே செலவாகாத பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் சில நாட்கள் அப்பா முன்னைவிட மௌனமாக இருந்தார். பிறகு ஒரு மாலை, தட்டின் முன் உட்கார்ந்தவர், "நீங்கெல்லாம் சாப்புட்டாச்சுங்களா?" என்று கேட்டார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதன்பின் தினமும் ஏதாவது வந்தது. "இன்னிக்குக் குழம்பு நல்லா இருக்குதே" என்றார். பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே அழைத்துக் காற்று வருகிற இடம் பார்த்து உட்காரவைத்தார். "பள்ளிக்கூடத்துல இன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு கண்ணு" என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தெத்துப்பல் தெரியக் காத்திருந்தார். நடக்காததை எல்லாம் நடந்ததாகச் சேர்த்துச் சொன்னேன். அந்தத் தையும் மாசியும்போல எனக்கு வேறு மாதங்கள் வாய்த்ததில்லை.

அம்மா மட்டும் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். பேசும்போது அவர் கை பாயின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பழைய புடவைகளை எல்லாம் எடுத்துப்போட்டு, கடை மடிப்பாக மடித்து அடுக்கினார். அதைப் பார்த்த அம்மா, வீட்டுக்கு வந்திருந்த அத்தையிடம் கிணற்றடியில் மெதுவாகச் சொன்னாள்: "மனுசன் பேசறாரு. ஆனா மனுசன் நல்லால்ல."

பங்குனியில் ஏரியூர் டீச்சர் வந்தார். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஒரு வேன் நிறைய ஆட்களோடு மாடியேறி, அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார். அவரைக் கீழே மாற்றிவிட்டார்கள், நாங்கள் காட்டுகிறோம் என்றார்களாம். "அவரு வரட்டும். நாங்க உக்காந்திருக்கறோம். வரலன்னா எதிர்க் கடைக்குப் போறோம்" என்றாராம் டீச்சர். கடைசியில் முதலாளியே படியிறங்கி வந்து அப்பாவை மேலே கூப்பிட்டார். இதை அப்பாதான் அன்று மாலை எங்களுக்குச் சொன்னார். டீச்சர் எப்படி உட்கார்ந்திருந்தார், முதலாளி என்ன முகத்தோடு வந்தார், முருகேசன் எப்படி அவசரமாக விரிப்பை மாற்றிப் போட்டார் என்று ஒவ்வொரு ஆளாக நடித்துக் காட்டினார். அப்பா எங்களிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான் கடைசி.

மறுநாளிலிருந்து மறுபடியும் பட்டு வாசனை வந்தது. மறுபடியும் "ம்", "வை", "போதும்". அம்மா கேசரி கிளறினாள். "போவட்டும், அவரு எடம் அதுதான்" என்றாள். நான் அந்தக் கேசரியைத் தொடவில்லை. அந்த டீச்சரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கருப்பா சிவப்பா, கண்ணாடி போட்டவரா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது 'ஏரியூருக்கு ஒரு டிக்கெட்' என்று கேட்டால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது.

அந்தக் கடை இப்போது இல்லை. முதலாளியின் பிள்ளைகள் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே செல்போன் விற்கிறார்கள். ஊரில் கண்ணாடிக் கட்டடங்களாக எழுந்திருக்கும் ஜவுளிக்கடைகளில் கதவைத் திறந்ததும் சீருடைப் பெண் ஒருத்தி, நம் முகத்தைப் பார்க்காமலேயே "வெல்கம் மேம்" என்கிறாள். பாவம், நாளெல்லாம் நின்றால் யாருக்குத்தான் முகம் பார்க்கத் தோன்றும். புடவைகள் கம்பியில் தொங்குகின்றன. நாமே தள்ளித் தள்ளிப் பார்த்து, நாமே எடுத்துவந்து பில் போட்டுக்கொள்கிறோம். மெத்தை இல்லை, வெள்ளை விரிப்பு இல்லை, முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. பெயர் சொல்லி யாரையும் யாரும் கேட்பதில்லை. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் என்னைப்போல வயிறெரிய வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

போன ஆவணியில் மொரப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மா, அப்பா, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தலை நரைத்த ஒரு பெண்மணி எங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணா, என்னத் தெரியுதுங்களா? என் கல்யாணப் பொடவை நீங்க எடுத்துக் குடுத்ததுதான்" என்றார். வேலையை விட்ட பிறகு வீட்டில் தொலைக்காட்சியின் முன்னால் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைகூடப் பேசாத என் அப்பா, எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க. நல்லா இருக்கறீங்களா? மாம்பழக் கலரு, மயில் கழுத்துக் கரை. உங்க மாமியாருக்கு அது புடிக்கல, நீங்கதான் அதுவே வேணும்னீங்க. இப்பிடி உக்காருங்க. புள்ளைங்க எத்தன? என்ன படிக்கறாங்க?"

அவர் பேசிக்கொண்டே போனார். சோறு ஆறிப்போயிற்று. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. என் பெண்ணுக்கே வரன் பார்க்கிறோம். அப்படியிருந்தும் நெஞ்சுக்குக் கீழே அதே இடத்தில் சுருக்கென்றது.

அந்த அம்மாள் விடைபெறும்போது என்னைப் பார்த்தார். "நீங்க அண்ணன் பொண்ணுங்களா? குடுத்து வெச்சவங்க. வூட்லயும் இப்பிடித்தான் பேசுவாருங்களா?"

"ஆமாங்க" என்றேன். "எப்பவும் இப்பிடித்தான்."

அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறிக்கத் தொடங்கினாள்.