இரண்டும் வலது கால்

யாரைப் பார்த்தாலும் என் அம்மா முதலில் காலைத்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அவர் மேடைக்குக் கீழே கழற்றிவிட்ட ஷூவைப் பார்த்துவிட்டு, "எடது காலு கலரு கொஞ்சம் கம்மி" என்று என் காதோடு சொல்வாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கர் வேலை. தைத்து வரும் ஜோடிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். எங்கே தையல் தாண்டியிருக்கிறதோ, எங்கே தோல் சுருங்கியிருக்கிறதோ, அங்கே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு இல்லாவிட்டால் பாஸ், இருந்தால் ரிஜெக்ட். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முந்தானையிலோ வளையலிலோ ஓர் அம்பு கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

எனக்கு அப்போது பதினொரு வயது, கோடை விடுமுறை. நெட் மலிவாகி எல்லார் வீட்டிலும் போன் பேசுவதை விட்டுப் படம் காட்டத் தொடங்கியிருந்த காலம் அது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அம்மாவின் போன் பகல் முழுக்க என்னுடையது. அப்பா தோல் லோடு லாரியில் சென்னைக்குப் போனால் வாரக் கடைசியில்தான் தலைகாட்டுவார். ஆகவே என்னைக் கேட்க ஆளில்லை.

அடுத்த தெருவில் இருந்த பெரியம்மா மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவைத்திருந்தான். அதில் ஒரு விளையாட்டு உண்டு. இங்கிலீஷில் அதற்கு நீளமான பெயர்; நானும் அண்ணனும் மழைக்காரன் என்றுதான் சொல்வோம். ஓயாமல் மழை பெய்கிற ஒரு தேசத்தில் நீளமான கோட்டும் பூட்ஸும் போட்ட ஒருவன் தன்னந்தனியாக நடந்துபோவான். வழியில் சண்டையும் உண்டு, புதையலும் உண்டு. எனக்கு இரண்டிலும் பெரிய அக்கறை இல்லை. அவனைக் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, இலைகளில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வெளியே சித்திரை வெயில் தகரக் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே நான் நனைந்துகொண்டிருப்பேன். பாதித் தூக்கத்தில் எது எங்கள் தெரு, எது அவன் தேசம் என்பது கலங்கிவிடும். பாலாற்று மணலில் அவன் நடந்துபோவது போலவும், அவன் கால் பட்ட இடமெல்லாம் தண்ணீர் ஊறுவது போலவும் எத்தனையோ மதியங்களில் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் பாகம் வரும் என்று சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்காகத் தவம் கிடந்தவர்களுக்கென்று தமிழில் ஒரு ரசிகர் குழு இருந்தது. வயதைச் சொன்னால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அண்ணன் அம்மாவின் பெயரிலேயே, அவள் படத்தையும் வைத்து, எனக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தான். காத்திருப்பைக் கிண்டல் செய்வதுதான் குழுவில் முழுநேர வேலை. "என் பேரன் கல்யாணத்துக்குள்ள வந்துடுமா?" என்று ஒருவர் எழுதுவார். அண்ணன் ஒருநாள், "பாலாத்துல தண்ணி வந்தாதான் ரெண்டாம் பாகமும் வரும்" என்று எழுதினான். தெற்கத்திக்காரர் ஒருவர் மிகுந்த பணிவோடு, பாலாறு எத்தனையாவது கட்டத்தில் வருகிறது, தான் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லையே என்று கேட்டிருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முன்னறிவிப்பே இல்லாமல், அறிவிப்பு வந்துவிட்டது. இரண்டு நிமிஷ முன்னோட்டம். இருட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சேற்றில் ஊன்றும் இரண்டு பூட்ஸ். பிறகு அவன். நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். என் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"இன்னாடி ஆச்சு? யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. ரெண்டாம் பாகம் வருது."

இதற்கா அழுகிறாய் என்று ஒரு அடி வைப்பாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். "மறுக்கா போடு" என்றாள். போட்டேன். இன்னொரு தபா என்றாள். என் மழைக்காரனை அம்மாவுக்கும் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. நான்காவது தடவை பூட்ஸ் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரையில் விரலை வைத்தாள்.

"இந்த ஆளுக்கு ரெண்டும் வலது காலுடி."

எனக்குப் புரியவில்லை. அம்மா பொறுமையாக விளக்கினாள். "வாரு மாட்டற பக்கிளு ரெண்டு கால்லயும் வெளிப்பக்கமா வரணும். எடது கால்ல பாரு, உள்பக்கம் கீது. ஒரே பீஸை ரெண்டு காலுக்கும் போட்டு வுட்டுட்டாங்க. இதப் போட்டுக்கினு எப்டிதான் நடக்கறானோ, பாவம்." சொல்லிவிட்டு வளையலில் முந்தின நாளிலிருந்து ஒட்டியிருந்த அம்பை உரித்து, போன் திரையில் அந்த இடது கால்மேல் ஒட்டினாள். "ரிஜெக்ட்" என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் ஓடிவந்த அண்ணன் அம்பு ஒட்டிய திரையைத் தன் போனில் படம் எடுத்து, "ஆம்பூர் அம்மா: ரிஜெக்ட்" என்று எழுதிக் குழுவில் போட்டான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. மறுநாள் காலைக்குள் குழுவில் பார்த்த இடமெல்லாம் சிவப்பு அம்பு. வில்லனின் குதிரைக்கு நாலும் வலது கால் என்று நாலு அம்பு. வில்லனின் மூக்குக்கு ஓர் அம்பு. தன் பரீட்சைத் தாளுக்கே அம்பு ஒட்டிக்கொண்டான் ஒரு பையன். யாரோ அதை இங்கிலீஷில் மாற்றி வெளிநாட்டுக்காரர்களின் பெரிய குழுவிலும் போட்டுவிட்டார்களாம். ஆம்பூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்களெல்லாம் அம்மாவின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது தினமும் பத்துப் பேர், எந்தெந்த விளையாட்டிலிருந்தோ பூட்ஸ் படங்களை அனுப்பி, "ஆம்பூர் அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக் காத்திருந்தார்கள்.

முதல் வாரம் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து காப்பி குடிக்கும்போது படங்களைக் காட்டுவேன். இதற்கு நுனி கோணல், அதற்குத் தையல் பல்லிளிக்கிறது என்று சொல்வாள். நான் அப்படியே எழுதுவேன்.

பிறகு என்னவோ ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா அதே கம்பெனியில் மெஷினில் தைப்பவள். அம்மாவும் அவளும் போக வர ஒரே பஸ், ஒரே சீட். காலையில் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவதும் அவள்தான். அந்த அக்கா திடீரென்று எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பெரியம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. "ஒரு லாட்டு பூரா உங்கம்மா ரிஜெக்ட் பண்ணிட்டாளாம். எல்லாம் அந்தப் பொண்ணு தெச்சது. மூணு நாளு ஒக்காந்து பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சாங்களாம். அப்புறம் அவள மெஷின்ல இருந்து எழுப்பி, கூலி கம்மியான நூலு வெட்டற டேபிளுக்கு அனுப்பிட்டாங்க. உங்கம்மா இன்னா பண்ணுவா, அவ வேல அது."

எனக்கு அதில் விளங்கியதெல்லாம் இனி எனக்குத் தலை பின்ன ஆளில்லை என்பதுதான். நானே ஒற்றைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு அம்மா டீக்கடையின் இந்தப் பக்கம் நிற்பாள், அக்கா அந்தப் பக்கம் நிற்பாள். பஸ் வந்து நடுவில் நின்று இருவரையும் மறைத்துவிடும்.

அதற்குப் பிறகு அம்மா எல்லாவற்றையும் பாஸ் பண்ண ஆரம்பித்தாள். படத்தைக் காட்டினால் முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே "பாஸ்" என்பாள். ஒரு கடற்கொள்ளைக்காரனுக்கு ஒரு பூட்ஸில் குதியே இல்லை. அதுவும் பாஸ்.

"சரியா பாரும்மா. குதி எங்க இருக்குது?"

"பாஸ்னு சொன்னன் இல்ல? நல்லாதான் செஞ்சிருக்காங்க. வுடு, பேஜார் பண்ணாத."

பாஸில் என்ன சிரிப்பு வரும்? முதல் நாள் நான் உண்மையாகவே "பாஸ்" என்று எழுதிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஒருவர் விசாரித்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே போனால் என்னை மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து நானே எழுதத் தொடங்கினேன். ரிஜெக்ட். இதுவும் ரிஜெக்ட். இதைத் தைத்தவனைக் கூப்பிட்டு முட்டிபோடச் சொல்லு. இதைத் தைத்தவளை வீட்டுக்கு அனுப்பு. எல்லாம் அம்மாவின் பெயரில், அம்மாவின் படத்துக்குக் கீழே. குழு விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா அப்போது கம்பெனியில் நின்றுகொண்டிருப்பாள்.

விடுமுறை முடிய நாலு நாள் இருக்கும்போது இரண்டாவது முன்னோட்டம் வந்தது. இந்தத் தடவை நாளும் நேரமும் சொல்லிவிட்டார்கள், சாயங்காலம் ஆறு மணி என்று. நானும் அண்ணனும் ஐந்து மணிக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். மழைக்காரன் ஒரு மலையிலிருந்து இறங்கிவந்தான். ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்தான். மெதுவாக, எங்களுக்காகவே செய்வது போல, பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்தான். ஒன்று வலது, ஒன்று இடது. பக்கிள் இரண்டும் வெளிப்பக்கம். பக்கத்திலிருந்த பாறையில், கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்படி, யாரோ சிவப்பில் ஒரு சின்ன அம்பு வரைந்திருந்தார்கள்.

அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். நான் கத்தவில்லை, அழவுமில்லை. காற்றில் மிதப்பது போல இருந்தது. அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து அம்மா சொன்ன ஒரு வார்த்தை எங்கேயோ கடல் தாண்டிப் போய், ஒருவனுக்கு இடது காலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. குழுவில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஆம்பூர் அம்மா இப்போது என்ன சொல்கிறார்?

போனை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். முன் படியில் அந்த அக்கா இறங்கி, என்னைப் பார்க்காமல் நடந்துபோனாள். பின் படியில் அம்மா இறங்கினாள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி, டீக்கடை ஓரமாகவே நிறுத்தி முன்னோட்டத்தைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள்.

"இப்ப சரியா கீது" என்றாள். பிறகு, "இத மாத்திப் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"கம்பெனிம்மா."

"கம்பெனிக்குக் கை கால் கீதா? மொதல்ல தப்பா போட்ட ஆளுதானே ஒக்காந்து மாத்திருக்கும். அந்த ஆள ரொம்ப திட்டிட்டாங்களா? உங்க குரூப்புல எதுனா போட்டாங்களா?"

இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. உலகமே கொண்டாடுகிற நேரத்தில் முகம் தெரியாத எவனுக்கோ விழுந்த திட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாளே. நீயே பாரு என்று குழுவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அம்மா எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பவள். விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். ரிஜெக்ட். ரிஜெக்ட். இதைத் தைத்தவளை வீட்டுக்கு அனுப்பு. ஒவ்வொன்றின் மேலும் அவள் பெயர், அவள் படம்.

"நான் பாஸ்னுதானேடி சொன்னேன்?"

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா தெருவைப் பார்த்தாள். அக்கா தெருமுனை வரைக்கும் போய்விட்டிருந்தாள். வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். அம்மா நாலடி எடுத்துவைத்தாள், நின்றாள், என் பக்கம் திரும்பினாள்.

"அங்கயும் நான்தானா ரிஜெக்ட் பண்றவ?"

அடி விழாத சந்தோஷத்தில் எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "ஆமாம்மா! ஆம்பூர்ல மட்டும் இல்ல, உலகம் பூரா நீதான்!" என்றேன்.

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்தாள். பெருமை தாங்காமல்தான் இவ்வளவு மெதுவாக நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, குதித்துக் குதித்து அவள் பின்னாலேயே போனேன்.