தனித்தனியாக அரைத்தவர்

குன்னூர் மார்க்கெட்டில் கேரட் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோத்தகிரியில் வசந்தாமணி மேடம் காலமானார். ஊட்டிக் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் வேதியியல். அவரை அறிந்தவர்களுக்கு நான் புகழ் பாட வேண்டியதில்லை. சிலர் மறந்துவிட்டதுபோல் நடிப்பதால்தான் எழுதுகிறேன்.

மலையில் இருந்துகொண்டு கடலை ஆராய்ந்தவர் அவர். மலபார் கரையில் ஓர் ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில், கல்லுமக்காய் என்று அங்கே சொல்லும் பாறைச் சிப்பிகளைப் பெயர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து, நாடுகாணி மலைப்பாதை வழியாக பஸ்ஸில் கொண்டுவருவார். கூடலூர் வருவதற்குள் பக்கத்து சீட் காலியாகிவிடும். "நாத்தம் புடிச்சவளுக்கு ரெண்டு சீட்டுங்க சார்" என்று அவரே சிரிப்பார்.

சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் இரை எடுக்கும். நீரிலுள்ள ஈயம் அதன் சதையில் தங்கி, வளர வளரச் சேரும். மேடம் சின்னதைத் தனியாக, பெரியதைத் தனியாக அரைத்துக் கொடுப்பார். நான் அமிலத்தில் கரைத்து அளப்பேன். சின்னதில் பயமில்லை. பெரியதில் வந்த அளவு உணவுக்கான வரம்பைத் தாண்டியிருந்தது; இன்னொரு முறை அளந்தும் அதுவே வந்தது. அந்தக் கரையில் ஜனங்கள் தேடித் தின்பது பெரியதைத்தான்.

ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே அந்த ஆலை. மேடத்தின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியான துறைத்தலைவர், எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து ஒரே எண்ணாகத் தரச் சொன்னார். அப்படிச் செய்தால் பெரியதன் விஷம் சின்னதில் கரைந்து வரம்புக்குள் அடங்கிவிடும். நானும் அந்த அறையில் இருந்தேன். மேடம் குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க சார், கெழவரையும் கொழந்தையையும் ஒண்ணா நிறுத்தி, சராசரி நடுவயசுன்னு எழுதினா, அங்க நடுவயசு ஆளு ஆருங்க இருக்காங்க?"

மேடம் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. தலைவர் வேறு ஆளை வைத்து அரைத்துக்கொண்டார். அறிக்கை போனது, ஆலை ஓடியது, தலைவர் கல்லூரி முதல்வரானார். மேடத்தின் ஆய்வேட்டில் மட்டும் வருஷத்துக்கொரு குறை முளைத்தது. முனைவர் பட்டம் வாங்காமலேயே ஓய்வு பெற்றார். அதைப் பற்றிக் கேட்டால், "பட்டமில்லாட்டியும் சோறு எறங்குதுங்க. பொய்ய எழுதியிருந்தா எறங்கியிருக்காது" என்பார்.

சாவு வீட்டு வாசலில் கல்லூரி சார்பில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'முனைவர் வசந்தாமணி' என்று கொட்டை எழுத்து. உயிரோடு இருந்தவரை கொடுக்க மனம் வராததைப் பிணத்துக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். மேடத்தின் தங்கை ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து அந்த முதல் சொல்லின்மேல் ஒட்டினார். "அக்கா வாங்காததப் போட வேண்டாங்க" என்றார். மாலையோடு நின்ற பழைய தலைவர் தரையைப் பார்த்தார்.

பெரிய சிப்பிகளில் நான் அளந்த ஈயத்தின் அளவு எனக்கு இன்றும் மனப்பாடம். மேடம் என்னிடம் விட்டுப்போனது அதுதான். யார் கேட்டாலும் சொல்வேன். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.