கல்யாண ரவிக்கையை வெட்டிய கை

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் நாலு குர்தா தைத்துத் தொங்கவிட்டவர்கள் எல்லோரும் பொட்டீக் வைத்தவர்கள்தான். நானும் வைத்தேன். ஜங்புராவில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டின் கார் ஷெட். அவரிடம் கார் இல்லை, என்னிடம் பெரிய முதல் இல்லை, இரண்டு பேருக்கும் பொருந்திப்போனது. சுண்ணாம்பு அடித்து, ஓர் ஆளுயரக் கண்ணாடி மாட்டி, வாசலில் இங்கிலீஷில் பலகை வைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் குரல்கூட மாறிவிட்டதாக என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

எனக்குத் துணி வெட்டத் தெரியாது. மெஷினில் நேர்த் தையல் போடுவேன், அதோடு சரி. என்னிடம் இருந்தது வாய்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தப் பிள்ளை நான். வெட்டும் கை அவளுடையது.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அவள் எங்களுக்கு எதிர் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள் என்பதால் நான் அவளுக்கு அக்கா. இரண்டு வீட்டு ஆண்களுக்கும் ஒரே ஆபீஸ். ஒரு குளிர்காலக் காலையில் அவள் கணவர் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரே மகளோடு அவள் நின்றாள். ஆபீஸில் இரக்கப்பட்டு ஃபைல் எடுத்துக் கொடுக்கும் வேலை ஒன்று தருவதாகச் சொன்னார்கள். சின்னச் சம்பளம்தான், ஆனால் சர்க்கார் சம்பளம். வீடும் கையைவிட்டுப் போயிருக்காது.

அதை வேண்டாம் என்று சொல்லவைத்தவள் நான். போயும் போயும் டீ கிளாஸ் கழுவவா போகப்போகிறாய், உன் கையில் இருக்கும் வித்தைக்கு நாம் கடை போடலாம், பாதிக்குப் பாதி என்று ஆசை காட்டினேன். அவள் நலனை நினைத்துத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் இல்லாமல் எனக்குக் கடை கிடையாது. அவள் என்னை நம்பினாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முனிர்காவில் ஒற்றை அறைக்குப் போனாள். அங்கிருந்து பஸ் மாறி மாறிக் கடைக்கு வந்தாள்.

முதல் வருஷம் நன்றாகவே போனது. தென்னிந்தியப் பட்டுக் கரையை வைத்துத் தைத்த குர்தாக்களைக் காலேஜ் பெண்கள் தேடி வந்து வாங்கினார்கள். நானும் அவளும் முன்னாலேயே உட்கார்ந்திருப்போம். பஞ்சாபிப் பெண்மணிகள் அவளைப் பஹன்ஜி என்று கூப்பிட்டு, சாயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்து, கழுத்து எவ்வளவு இறங்கலாம் என்று அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். அவள் நெற்றியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. வீட்டுக்காரர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஷெட்டில்தான்.

வினையாக வந்தவர்கள் நம்மவர்கள். டெல்லி டெய்லர்கள் தைக்கும் ரவிக்கை நம் பெண்களுக்குச் சாக்குப்பை மாதிரி தொங்கும். எங்கள் கடையில் ஒழுங்காகத் தைக்கிறார்கள் என்று நவராத்திரிக்குப் போன வீடுகளில் நானே சொல்லிவைத்திருந்தேன். தை மாதம் பிறந்ததும் முதல் கல்யாண ஆர்டர் வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா முகூர்த்தப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்து, முனையில் மஞ்சள் தடவி எடுத்து வந்திருந்தார். அவர் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவள் தானாக எழுந்து, பின்னால் துணிமூட்டைகள் கிடந்த இடத்துக்குப் போய்விட்டாள். எங்கே போகிறாய், உட்கார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவளே போய்விட்டதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் அந்த இடத்தை மறைத்து ஒரு திரை போட்டேன். தெருப் புழுதி பட்டில் படிகிறது என்று அவளிடம் காரணம் சொன்னேன். சரிக்கா என்று ஸ்டூல் போட்டு ஏறி அவளேதான் கம்பியும் மாட்டினாள்.

அதற்குப் பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கல்யாணத் துணி வந்தால் பெண்ணின் அம்மா எதிரிலேயே அதற்குக் குங்குமம் வைப்பேன். பெரிய கத்திரிக்கோலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தையலுக்குள் போகிற ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு வெட்டுவேன். அதுதான் முதல் வெட்டு. வந்தவர்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். அவர்கள் தலை மறைந்ததும் துணி திரைக்கு அந்தப் பக்கம் போகும். ஒரு நாள் கடைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, நீ நடத்துவது கடையா நாடகமா என்று கேட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆசிய விளையாட்டுக்காக ஊர் முழுக்க மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு பெரிய அதிகாரியின் மனைவி மகள் கல்யாணத்துக்கு மொத்தத் துணியையும் கொண்டுவந்தார். முகூர்த்தம், நலங்கு, வரவேற்பு, சம்பந்தி வீட்டாருக்கு என்று மேஜை நிறைந்துவிட்டது. நாங்கள் அதுவரை பார்க்காத ஆர்டர். குங்குமம், கத்திரிக்கோல் எல்லாம் முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூரா வெட்டறது யாரு? முகூர்த்தத் துணி பாருங்க, அதான் கேக்கறேன். சுமங்கலிக் கைதானே?"

"நான்தாங்க," என்றேன். "எல்லாமே என் கைதான்."

திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கத்திரிக்கோல் சத்தம் நின்றது. அதிகாரியின் மனைவி திருப்தியாக எழுந்து போனார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரையை விலக்கினேன். அவள் குர்தாத் துணி ஒன்றை நீவிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பட்டையும் எந்த அலமாரியில் வைக்கப்போகிறோம் என்று என்னிடம் கேட்டாள். நானும் அலமாரியைப் பற்றியே பேசினேன்.

அந்த அதிகாரியின் மகளுக்கு அடுத்த வருஷமே ஆண் குழந்தை. அவ்வளவுதான், எனக்குக் கைராசிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. ஆர்.கே. புரத்திலிருந்தும் கரோல்பாக்கிலிருந்தும் என் கையால் முதல் வெட்டு வேண்டும் என்று வர ஆரம்பித்தார்கள். சிலர் ஜாக்கெட் வாங்கிப்போக வரும்போது வெற்றிலை பாக்கு வைத்து என்னை நமஸ்காரம் செய்யச் சொல்லித் தங்கள் பெண்ணைத் தள்ளிவிடுவார்கள். நான் அட்சதை போட்டு ஆசீர்வாதமும் செய்வேன். அந்த நேரங்களில் திரைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதை அந்தக் கடைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பாதிக்குப் பாதி என்ற பேச்சில் நான் தவறவில்லை. அவள் மகள் காலேஜ் முடித்ததும், கழுத்துக்கும் காதுக்கும் நகை சேர்ந்ததும் கடை வருமானத்தில்தான். மனசு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் அதை அடக்குவேன். அந்த அம்மாக்களை மனசுக்குள் திட்டியும் பார்த்தேன். ஆனால் அவர்கள் கேள்விதான் கேட்டார்கள். பதில் சொன்னது நான்.

மகளுக்கு வரன் அமைந்தது. பையனுக்குப் பரோடாவில் வேலை. முகூர்த்தப் புடவை ஊரிலிருந்து அவள் அண்ணன் வாங்கி வந்தார், மாம்பழக் கலரில் அரக்குக் கரை. கரண்ட் போய்க் கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அந்த ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்தாள். விரித்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"நீங்க வெட்டிருங்கக்கா."

நான் சிரித்தேன். வழக்கம்போல ஓரத்தில் ஒரு வெட்டு கேட்கிறாள் என்று நினைத்துக் கத்திரிக்கோலை எடுத்தேன். அது போதாது, முழுக்க நீங்கள்தான் வெட்ட வேண்டும் என்றாள். விளையாட்டு இல்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அந்தத் திரை புழுதிக்காகப் போட்டதில்லை, ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் போட்டது, என்னை மன்னித்துவிடு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அது அன்றைக்கே தெரியும் என்றும், கடை நடக்க வேண்டாமா என்றும் சாதாரணமாகச் சொன்னாள்.

"என் கையில ஏதுடி ராசி? அத்தனை கல்யாணத்துக்கும் வெட்டினது நீ. அந்தப் பொண்ணுங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

"அவுகளுக்குத் தெரியாதுக்கா," என்றாள். "எனக்குத் தெரியும்லா."

எத்தனையோ பேரிடம் எதையெதையோ பேசி விற்றவள், அவளிடம் நீ நினைப்பது தப்பு என்று நம்பும்படியாகச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இத்தனை வருஷமும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

வெட்டினேன். அவள் சாக்பீஸைக்கூடத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இங்கே வளையுங்கள், இங்கே கொஞ்சம் விடுங்கள் என்று வாயாலேயே சொன்னாள். இடது அக்குள் வளைவில் கத்திரிக்கோல் வேண்டியதைவிட உள்ளே போய்விட்டது. அவள் பார்த்தாள். அவள் தொட்டால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்துவிடுவாள், எனக்குத் தெரியும். பரவாயில்லை, சேர்த்துத் தையுங்கள் என்று மட்டும் சொன்னாள். தையலையும் நானே போட்டேன்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. அவள் அண்ணனும் மதினியும் மணையில் உட்கார்ந்து பெண்ணைக் கொடுத்தார்கள். மாலை மாற்றும்போது பெண்ணால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பாதி தூக்கி நிறுத்திவிட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கத்தைப் பார் என்று எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை குனிந்து கொடுத்தார். நான் கூட்டத்தில் அவளைத் தேடினேன். கடைசி வரிசைக்கும் பின்னால், தூண் பக்கத்தில் நின்றுகொண்டு, எட்டி எட்டி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.