மச்சான் முறையும் தண்ணி முறையும்

மதகுச் சுவர்மேல் ஏறி நின்று, டாக்காவிலிருந்து வந்த மேடம் உரக்கச் சொன்ன இரண்டு தமிழ்ச் சொற்கள் இன்னும் காதில் இருக்கின்றன: "உங்க முறை!" சொல்லிவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் பங்களாதேஷின் பாசனப் பொறியாளர். ஆற்று நீரைப் பங்கிடுவது பற்றி மேலே இருக்கும் நாட்டோடு பேசப்போகும் குழுவில் ஒருவர். ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் ஊர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று அதற்கு முன்னால் பார்க்க வந்திருந்தார். நானோ இன்ஜினீயரிங் முடித்து, சிங்கப்பூர் விசாவுக்காகக் கால் தரையில் பாவாமல் அலைந்துகொண்டிருந்தேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். தஞ்சாவூரிலிருந்து குத்தாலம் வருவதற்குள் "முறை" என்ற சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்: இன்று இந்த ஊருக்கு, நாளை அந்த ஊருக்கு என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது.

அந்த வருஷம் அணையைத் தாமதமாகத்தான் திறந்தார்கள். நாங்கள் பார்க்கப்போன வாய்க்காலில் கீழூர்க்காரர் ஒருவரின் நாற்றங்கால் வெடித்து, நாற்று நுனி கருகத் தொடங்கியிருந்தது. அன்று தண்ணீர் அவருக்கு வரவேண்டிய நாள். வாய்க்காலில் அவருக்கு மேலே இருந்த மேலூர்க்காரரோ, தன் வயல் பாதிதான் நனைந்தது என்று தன் பக்க மதகை அடைக்காமல் காவல் நின்றார். அவர் யார் என்று மேடம் கேட்க, கீழூர்க்காரர், "அவரு எனக்கு மச்சான் முறைங்க" என்றார். உறவைச் சொன்னார். மேடம் காதில் விழுந்தது "முறை" மட்டும். நான் வாயைத் திறப்பதற்குள் சுவர்மேல் ஏறி, மேலூர்க்காரரைப் பார்த்து அந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டார்.

மேலூர்க்காரருக்குக் கொண்டாட்டம். "கேட்டியா மச்சான்! எனக்குத்தான் முறைன்னு டாக்காவுக்கே சொல்லி அனுப்பிட்டியாமே!"

"யோவ், நான் சொன்னது மச்சான் முறைய்யா, தண்ணி முறை இல்ல. இந்த நாத்தும் போச்சுன்னா ஒந்தங்கச்சிக்கு எதைய்யா ஆக்கிப்போடுவேன்?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேலூர்க்காரரும் சிரித்தார், பிறகு வெடித்த நாற்றங்கால் பக்கம் ஒருமுறை பார்த்தார், சிரிப்பு நின்றது. "அடைச்சுத் தொலை. நாத்து நனைஞ்சதும் எனக்குத் திருப்பி வுட்டுடணும். சம்பந்தம் பேச வந்தன்னிக்கே எங்கப்பா சொன்னாரு, கீழூரு வேணாம்னு!" திட்டிக்கொண்டே பலகையை இறக்கக் கைகொடுத்தார்.

காரில் விளக்கிச் சொன்னபோது மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "ஆற்றில் எங்களுக்கு மேலே இருப்பது உங்கள் நாடுதானே. உங்களை நாங்கள் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பிறந்ததிலிருந்து நாங்கள் கடைமடைக்காரர்கள். மேலே இருப்பவர்களைத் திட்டியே பழகியவர்கள். என்னையும் ஒருவர் நிமிர்ந்து பார்த்துத் தண்ணீர் கேட்க முடியும் என்று தோன்றியதே இல்லை. விசா வந்ததும் விமானம் ஏறினேன். அந்தக் கேள்வியும் கூடவே ஏறிக்கொண்டது.

இன்று சிங்கப்பூரில் என் சைட்டில் பங்களாதேஷ்காரர்கள் நிறையப் பேர். அவர்களில் ஆற்றங்கரை ஊர்க்காரர் ஒருவர், ஜூன் பிறந்தால் போதும், "பாய், உங்க ஊருக்குத் தண்ணி வந்துச்சா?" என்று தான் கற்ற தமிழில் விசாரிக்கிறார். அவர் மொழியில் பாய் என்றால் அண்ணன். ஆக, முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். உங்கள் ஊருக்கு வந்ததா என்று திருப்பிக் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். வரவில்லை என்று சொல்லிவிட்டால், அண்ணன் எந்த மதகை அடைப்பது?