ரவி மாமா தந்த கேசட்

ஈரத் துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது கிளம்பும் ஆவி மணமும், மின்கிட்டார் உறுமும் ஓர் ஆங்கிலப் பாட்டும் சேர்ந்தவைதான் என் பத்து வயதுச் சனிக்கிழமை மதியங்கள். சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை மாலா அத்தை, வாரத்துக்கான உடுப்புகளைத் தேய்த்தபடி அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். பக்கத்து வீட்டில் அதற்கு "கத்துற பாட்டு" என்று பெயர். கேசட்டைத் தந்தவர், அத்தைக்கு நிச்சயமாகியிருந்த ரவி மாமா.

பாட்டில் ஒருவன் காதலியிடம் விடைபெறுகிறான். உன்மேல் குறையேதும் இல்லை, ஆனாலும் கட்டுப்பட்டு இருந்தால் நான் நானாக இருக்கமாட்டேன் என்கிறான். பொருள் கேட்ட எனக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்த அத்தை, பாதியில் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அப்பாவிடம் போனார். சுற்றுப்பயணிகளைப் பினாங்குக்கும் மேடானுக்கும் அழைத்துப்போகும் வேலை அத்தைக்கு உயிர். கல்யாணத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டு, சிராங்கூன் சாலையில் இருந்த தங்கள் துணிக்கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாமா வீட்டில் சொல்லியிருந்தார்கள். அத்தை எவ்வளவோ கேட்டும் அவர்கள் இறங்கிவரவில்லை.

"அவர் நல்லவர்தாண்ணே. எனக்குத்தான் அந்த வாழ்க்கை ஒத்துவராது."

அப்பா கல்யாண மண்டபம் வரை பேசி முடித்திருந்தார். ஆனாலும், "அவர்கிட்ட நீயே நேர்ல சொல்லு. நான் கூட வரேன்," என்றார்.

மறுநாள், துணிக்கடைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் எனக்கு பண்டுங் என்னும் ரோஜாப்பால் ஒன்று வாங்கித் தந்து உட்காரவைத்தார்கள். அத்தை தலைகுனியாமல் எல்லாவற்றையும் சொன்னார். மாமாவின் தேநீர் தொடப்படாமலே ஆறியது. தன் அப்பாவின் கடையை விட்டுவரத் தன்னால் முடியாது, மாலாவை அங்கே அடைத்துவைக்கவும் மனம் வரவில்லை என்றார் மாமா. அத்தை கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்ததும் மாமா அதைத் திருப்பித் தள்ளினார்.

"நீயே வச்சுக்க மாலா. எனக்கு மெட்டுதான் பிடிக்கும். அவன் என்ன பாடுறான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஓடுற கால் ஓரிடத்துல நிக்காது" என்று உறவுக்காரர்கள் சில வருடம் பேசினார்கள். அத்தை ஓடத்தான் செய்தார், ஹனோய் முதல் இஸ்தான்புல் வரை. மாமாவும் வேறிடத்தில் மணந்து நன்றாகவே இருந்தார். தீபாவளிச் சந்தையில் எதிர்ப்பட்டால் இருவரும் நின்று நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

இன்று அப்பா இல்லை. துணிக்கடையும் காப்பிக்கடையும் போய், அந்த வரிசை முழுக்கக் கைப்பேசிக் கடைகள். போன வாரம் அத்தையோடு அவ்வழியே நடந்தபோது, "இங்கேதானே, அத்தை, அன்றைக்கு உட்கார்ந்திருந்தோம்" என்று காட்டினேன். அறுபதைத் தாண்டிய அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இங்கயா? எனக்கு ஞாபகமே இல்ல லா," என்றவர், பச்சை விளக்கு எரிந்ததும் எனக்கு முன்னால் சாலையைக் கடந்து போய்விட்டார்.